பக்கத்து மேசையில் நின்ற வரிசை

கடையில் எல்லோரும் அவரை மடிப்பண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு மாடிக் கடை. வருஷம் முழுக்க அவருக்கு வேலை இரண்டாம் மாடியில், பீங்கான், கண்ணாடிச் சாமான் பிரிவில். விற்ற கோப்பைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் அடுக்கி, ஒரு தரம் ஆட்டிப் பார்த்துக் கொடுப்பார். அதை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது அவரைக் கீழ்த்தளத்துக்கு இறக்குவார்கள். அங்கே நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் பரிசுப் பொருள்களைச் சுற்றிக் கொடுக்க இரண்டு மேசைகள் போடுவார்கள். அந்த ஐந்து வாரம்தான் அவர் வாழ்ந்தார், மிச்ச நாளெல்லாம் அதற்காகக் காத்துக் கிடந்தார் என்று சொன்னால் பெரிய பொய்யாகாது.

கை அப்படிப்பட்ட கை. பெட்டியைத் தாள்மேல் ஒரு தரம் உருட்டுவார், அதுதான் அளவு. கத்தரியைத் திறந்தபடி தள்ளினால் தாள் சத்தமில்லாமல் இரண்டாகும். டேப் துண்டுகள் முன்கூட்டியே இடது கை விரல்நுனிகளில் ஒட்டியிருக்கும். கட்டைவிரல் நகத்தால் ஓர் இழுப்பு, இரண்டு பக்கமும் முக்கோணக் காது, ரிப்பனைக் கத்தரி முதுகில் ஓட விட்டால் சுருள். சட்டைப் பெட்டி ஒன்றுக்கு ஐம்பத்திரண்டு விநாடி. கால்பந்தைக்கூட விசிறி மடிப்பு வைத்துச் சுற்றிவிடுவார். வேலை நடக்கும்போது பேச மாட்டார். கீழுதட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தால் குனிந்ததுதான்.

சீசன் முடிகிற அன்று மேற்பார்வையாளர் மேடம் ஊழியர்கள் சாப்பிடும் அறையில் ஒரு தாள் ஒட்டுவார். அந்த வருஷம் சுற்றிய பரிசுகள் எத்தனை, செலவான டேப் சுருள் எத்தனை, ரிப்பன் எத்தனை கிலோமீட்டர், யார் எத்தனை சுற்றினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒன்பது வருஷமாக முதல் வரியில் இருந்தது அவர்தான். போன வருஷக் கணக்கு நாலாயிரத்து நூற்றுப் பதினாறு.

அவருடைய மனைவி பதினொரு வருஷம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் வேலை பார்த்தவர். வீட்டில் எத்தனை பேர், எத்தனை விளக்கு, என்ன சோப்பு, எந்த நேரத்தில் டிவி பார்க்கிறீர்கள் என்று கேட்டுக் கட்டங்களில் குறித்துக்கொண்டு வருவார். அந்த வருஷம் செப்டம்பரில் அந்த அலுவலகம் வேலை முடிந்தது என்று சொல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டது. ஒரே மகள் வெளியூரில் தங்கிப் படிக்கிறாள். மூன்றாம் மாடி வீட்டில் மனைவி தனியாக இருந்து, கண்ணில் பட்டதையெல்லாம் படித்துக்கொண்டும், எதிர்க் கட்டடத்தில் எத்தனை ஜன்னலில் திரை போட்டிருக்கிறது என்று எண்ணிக்கொண்டும் நாளைக் கழித்தார்.

நவம்பரில் இரண்டாவது மேசைப் பெண் பிரசவ விடுப்பில் போனாள். தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று மேடம் கேட்டபோது, மடிப்பண்ணன் யோசிக்காமல் மனைவியைச் சொல்லிவிட்டார். தானேதான் கூட்டிவந்தோம் என்பதைப் பிறகு அவர் நிறைய தரம் நினைத்துப் பல்லைக் கடித்ததுண்டு.

ஒரு வாரம் வீட்டு மேசையில் பழைய காலண்டர் தாளை வைத்துச் சொல்லிக் கொடுத்தார். மனைவிக்கு மூலைகள் சரியாக நிற்கவில்லை. காது ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்தது.

"சுமாரா வருதாங்க?"

"சுமாராத்தான் வருது," என்றார். சொல்லும்போது அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி. சுமாராக வந்தால் போதும் என்றே அவர் நினைத்திருந்தார்.

முதல் இரண்டு நாள் எல்லாம் அவர் நினைத்தபடி நடந்தது. மூன்றாம் நாள் ஓர் அம்மாள் தேநீர்க் கோப்பைப் பெட்டியோடு மனைவியின் மேசைக்கு வந்தார். மனைவி தாளை அளந்துகொண்டே பேச ஆரம்பித்தார். இந்த மாதிரி பூப்போட்ட தாளில் பரிசு சுற்றுவது எப்படி வந்தது தெரியுமா என்று கேட்டு, அவரே சொன்னார். நூறு வருஷத்துக்கு முன்னால், 1917-இல், ஓர் அண்ணன் தம்பி வைத்திருந்த கடையில் கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் வழக்கமான மெல்லிய தாள் தீர்ந்துபோயிற்று. வேறு வழியில்லாமல், கடித உறைக்கு உள்பக்கம் ஒட்டுவதற்காக வைத்திருந்த அலங்காரத் தாளை எடுத்து வெளியே வைத்தார்கள். அது ஒன்றுவிடாமல் விற்றுப்போயிற்று. அன்றிலிருந்துதான் இது.

"சரக்கு தீர்ந்ததால வந்த பழக்கம்ங்க இது," என்று முடித்தார் மனைவி.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அவருக்குப் பின்னால் நின்றவரும் சிரித்தார். மடிப்பண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெட்டியைச் சுற்ற மனைவிக்கு மூன்றரை நிமிஷம் ஆகியிருந்தது. மூலை தொளதொளவென்று இருந்தது. அந்த அம்மாளோ அதைக் கவனிக்கவே இல்லை.

மறுநாளிலிருந்து சேதிகள் வரிசையாக வந்தன. மரத்தில் தொங்கவிடும் ஜிகினா இழையை ஒரு காலத்தில் நிஜ வெள்ளியில் செய்தார்கள். முதல் செயற்கை மரத்தை ஜெர்மனியில் வாத்து இறகுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிச் செய்தார்கள். நிஜ மரம் ஓர் ஆள் உயரம் வளர ஏழெட்டு வருஷம் பிடிக்கும். கிறிஸ்துமஸ் செடியில் சிவப்பாக இருப்பது பூவே இல்லை, இலை. கிறிஸ்துமஸ் என்பதைச் சிலர் ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதும்போது முன்னால் போடுகிற எக்ஸ், ஆங்கில எழுத்தே அல்ல, கிரேக்க எழுத்து. இவற்றோடு மேசையில் மனைவி தானே எண்ணிப் பார்த்த கணக்குகளும் சேர்ந்துகொண்டன. இந்த வாரம் என்னிடம் வந்த நூறு பேரில் முப்பத்தொரு பேர் தங்களுக்கே தாங்கள் பரிசு வாங்கிச் சுற்றச் சொன்னார்கள். விலைச் சீட்டை மறக்காமல் கிழிக்கச் சொன்னவர்கள் எண்பத்தாறு பேர், வேண்டுமென்றே விடச் சொன்னவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் மாமியாருக்கு வாங்கினவர்கள்.

இரண்டாம் வாரம் மனைவியின் மேசைக்கு முன்னால் வரிசை செருப்புப் பிரிவு வரை போயிற்று. மடிப்பண்ணன் மேசையில் இரண்டு பேர், சில சமயம் யாருமே இல்லை. அவர் கையைத் தூக்கி, "இந்தப் பக்கம் வாங்க, இங்க காலியா இருக்கு," என்று கூப்பிட்டார்.

வரிசையில் ஐந்தாவதாக நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். "பரவால்லீங்க, நாங்க இங்கயே நிக்கிறோம்."

அந்த "பரவால்லீங்க" அன்று முழுக்க அவர் காதிலேயே நின்றது. பதினாலு வருஷம் வேலை பார்த்த மேசைக்கு வர மாட்டேன், மூலை மடிக்கத் தெரியாத ஆளிடம் முக்கால் மணி நேரம் நிற்பேன் என்கிறாள். இது அடுத்தவன் வீட்டுப் பெண்டாட்டியாக இருந்தால் வாய்விட்டுத் திட்டியாவது ஆறியிருப்பார். தன் வீட்டுக்காரி என்பதால் அதற்கும் வழியில்லை. சாயங்காலம் அதே பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

லிஃப்ட்காரர் அவரைப் பார்க்கும்போதெல்லாம், "அண்ணே, சேதியக்கா இன்னைக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். ஆமாம், அதற்குள் பேரே வைத்துவிட்டார்கள். அவருக்கு மடிப்பண்ணன் என்ற பேர் வர நாலு வருஷம் ஆனது. மனைவிக்குப் பதினோரு நாளில் வந்துவிட்டது.

மகள் போன் பண்ணினாள். வழக்கமாக அப்பாவிடம் முதலில் பேசுவாள். அன்று எடுத்ததும், கடையின் இணையப் பக்கத்தில் அம்மா பேசுகிற வீடியோ போட்டிருக்கிறார்கள், தோழிகள் எல்லோரும் பார்த்தார்கள், அம்மாவிடம் போனைக் கொடுங்கள் என்றாள். அவர் கொடுத்துவிட்டுக் கைகழுவப் போவதுபோல எழுந்து போனார். தண்ணீரைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார்.

தானும் சொல்லிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. பஸ்ஸில் மனைவி கண்ணயர்ந்த நேரம் போனில் தேடிப் படித்தார். மறுநாள் ஓய்வுபெற்ற அதிகாரி மாதிரி இருந்த ஒருவர் தப்பித் தவறி அவர் மேசைக்கு வந்தார். மடிப்பண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, உலகத்தில் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை லண்டனில் 1843-இல் அச்சானது, மொத்தம் ஆயிரம் அட்டைதான் என்று சொல்ல நினைத்தார். ஆயிரத்தி என்று வாய் தொடங்கும்போதே கத்தரி ஒரு விரற்கடை உள்ளே போய்விட்டது. தாள் போதவில்லை. பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு தாளை வீணாக்கினார். அந்தப் பதற்றத்தில் 1943 என்று சொல்லிவிட்டார்.

"அவ்வளவு லேட்டாவா?" என்றார் அந்த மனிதர்.

பக்கத்து மேசையிலிருந்து மனைவி நிமிராமலே, "ஆயிரத்தி எண்ணூத்தி நாப்பத்திமூணுங்க. சத்தத்துல உங்களுக்குச் சரியா கேட்டிருக்காது," என்று எடுத்துக் கொடுத்தார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மடிப்பண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. தோற்றதைவிட, தோற்றதை அவள் மூடி மறைத்ததுதான் அவருக்கு ஆறவில்லை.

அந்தச் சமயம் பார்த்து மேடத்துக்கு ஒரு யோசனை வந்தது. வாரா வாரம் ஒரு சேதியைப் பெரிய அட்டையில் எழுதி நகரும் படிக்கட்டுப் பக்கம் வைக்கலாம் என்றார். மனைவியின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். மடிப்பண்ணனுடையது அச்சடித்தாற்போல. ஆகவே மனைவி சொல்ல அவர் எழுதுவது என்று முடிவானது.

தேநீர் இடைவேளையில், ஊழியர் அறை மேசையில் அட்டையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி ஒரு துண்டுத்தாளில் குறிப்பைக் கொடுத்துவிட்டு மேசைக்குத் திரும்பிப் போயிருந்தார். மரத்தில் முதன்முதலாக மின்விளக்குப் போட்டது 1882-இல். சிவப்பு, வெள்ளை, நீலத்தில் எண்பது விளக்குகள். கையாலேயே கம்பி இணைத்தார்கள். அதுதான் சேதி. அவர் பச்சை மையில் தலைப்பு எழுதினார், சிவப்பு மையில் வருஷம் எழுத ஆரம்பித்தார். ஒன்று, எட்டு போட்டாயிற்று. பேனா நின்றது. வெளியே மேசையிலிருந்து ஒரு கூட்டமே சிரிக்கிற சத்தம் வந்தது. அடுத்த எட்டு வர வேண்டிய இடத்தில் இரண்டு போட்டார். பிறகு இன்னொரு இரண்டு. 1822.

கை தவறிவிட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஆனால் மை காய ஊதியபோது அவருக்கு அது தெரியும். கொண்டுபோய் வைத்தபோதும் தெரியும்.

இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் மாணவிகளோடு வந்த ஓர் ஆசிரியை அட்டை முன்னால் நின்று வாய்விட்டுச் சிரித்தாராம். பல்பே கண்டுபிடிக்காத காலத்தில் மரத்தில் பல்பு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்க, ஒரு மாணவி படம் எடுத்துக் கடைப் பக்கத்திலேயே போட்டுவிட்டாள். அதன் கீழே முந்நூறு பேர் கேலி எழுதினார்கள். இவர்கள் சொன்ன மற்றதெல்லாம் எந்த லட்சணமோ என்று ஒருவர் கேட்டிருந்தார்.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன் மேடம் எல்லோரையும் கீழ்த்தளத்தில் நிற்க வைத்தார். குரலை உயர்த்தவில்லை. மேலே இருப்பவர்கள் தன்னைக் கேட்கிறார்கள், தான் யாரைக் கேட்பது என்றார். மனைவி அட்டையைப் பார்த்தார். அந்தச் சிவப்பு எண்களைப் பார்த்தார். பிறகு, ஒரே ஒரு கணம், ரிப்பன் சுருளைச் சரி செய்துகொண்டிருந்த கணவரைப் பார்த்தார்.

"என் தப்புதான் மேடம். நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

மடிப்பண்ணன் ரிப்பனை இன்னொரு சுற்றுச் சுற்றினார். இனி அட்டையும் வேண்டாம், மேசையில் கதையும் வேண்டாம், வந்த வேலையை மட்டும் பார்த்தால் போதும் என்று மேடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மனைவி பேசவில்லை. குனிந்து சுற்றினார், நிமிர்ந்து கொடுத்தார். வரிசை இரண்டாகச் சமமாயிற்று, பிறகு மெல்ல மடிப்பண்ணன் பக்கம் நீண்டது. மூன்றாம் நாள் அவர் ஒரே நாளில் நூற்று எழுபத்தொரு பரிசுகள் சுற்றினார். அவருடைய வாழ்நாளிலேயே அதுதான் அதிகம். சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. வீட்டில் மனைவி சாப்பிட வாங்க, கதவைச் சாத்துங்க என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மேசையிலோ டேப் கிழிகிற சத்தம் மட்டும்தான். அதே சத்தத்தைப் பதினாலு வருஷமாகக் கேட்டு வந்தவருக்கு அது முதல் தடவையாக எரிச்சலூட்டியது.

அன்று கடைசியாக ஒரு வயதான தம்பதி வந்து மனைவியின் மேசை முன் நின்றார்கள். இன்றைக்கு ஒன்றும் சொல்ல மாட்டீர்களா என்று அந்தப் பாட்டியம்மா கேட்டார். போன வாரம் கேட்டதைப் பேரப்பிள்ளைகளிடம் சொன்னார்களாம், இன்னொன்று கேட்டுக்கொண்டு போகவே வந்தார்களாம்.

"மறந்துபோச்சுங்க," என்றார் மனைவி. அந்த வார்த்தையைக் கேட்டபோது மடிப்பண்ணன் கையில் இருந்த தாள் கசங்கியது.

பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் வரை பொறுத்துப் பார்த்தார். மூன்றாவதில் சொன்னார்.

"அந்த வருஷத்த நான்தான் மாத்தி எழுதினேன்."

"தெரியும்."

"எப்படி?"

"இத்தனை வருஷத்துல நீங்க ஒரு எழுத்து தப்பா எழுதி நான் பாத்ததில்ல."

அவர் ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் ஏன் தப்பு உன்னுடையது என்று சொன்னாய் என்று கேட்டார். எட்டுப் பேர் முன்னால் வேறு என்ன சொல்ல முடியும் என்று மனைவி திருப்பிக் கேட்டார். அதோடு நிற்கவில்லை. மூன்று நாளாக அடக்கி வைத்ததெல்லாம் தாழ்ந்த குரலில் வந்தது.

"பதினொரு வருஷம் கதவு கதவா தட்டினேன். பாதிப் பேரு நான் யாருன்னு கேக்குறதுக்கு முன்னாடியே சாத்துவாங்க. மீதிப் பேரு எப்ப போவேன்னு நிப்பாங்க. இந்த மூணு வாரந்தான் நான் வாயைத் தொறந்தா கேக்கணும்னு நாலு பேரு நின்னாங்க. அதுவும் உங்களுக்குப் பொறுக்கல."

அந்த வேலையைப் பற்றி அவர் இதுவரை கேட்டதே இல்லை. மனைவி காலையில் பையோடு போவார், சாயங்காலம் கால் வலியோடு வருவார், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. பதினொரு வருஷத்தில் எத்தனை கதவு சாத்தியிருப்பார்கள் என்று அவர் மனம் தானாகவே கணக்குப் போட ஆரம்பித்தது. பாதியில் விட்டுவிட்டார். இறங்கும்போது மனைவியின் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். மனைவி கொடுக்கவில்லை.

காலையில் மனைவிக்கு முன்னால் கிளம்பிப்போய் மேடத்தின் அறையில் நின்றார். தப்பு என்னுடையது, வேண்டுமென்றே செய்தேன் என்றார். மேடம் கையில் இருந்த பட்டியலைக் கீழே வைத்துவிட்டு, ஏன் என்று கேட்டார். மேடத்திடம் வேறு ஏதாவது காரணம் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தார். ஒன்றும் சரியாக அமையவில்லை.

"அவ மேசைல கூட்டம் நின்னுச்சு மேடம். என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல."

மேடம் சிரிப்பார் அல்லது கத்துவார் என்று நினைத்தார். மேடம் இரண்டும் செய்யவில்லை. மனைவி இனி மேசையில் பேசலாம் என்று சொல்லிவிட்டு, அவரைக் கிடங்குக்கு அனுப்பினார். அங்கே ஒரு கம்பெனி ஆர்டர் கிடந்தது, அறுநூற்று நாற்பது பேனா ஸ்டாண்டுகள், எல்லாம் ஒரே அளவுப் பெட்டி. கடைசி நாலு நாளும் அவர் அங்கேயே இருக்க வேண்டும், முன்மேசைக்கு வரக் கூடாது.

கிடங்குக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புத்தான். பத்தரை மணிக்கெல்லாம் அந்தப் பக்கம் மனைவியின் குரல் கேட்டது. முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் பழையபடி. சிரிப்புச் சத்தம் வந்தது. அவர் ஒரே மாதிரிப் பெட்டிகளை ஒரே மாதிரி மடித்துக்கொண்டே கேட்டார். நல்லது செய்துவிட்டோம் என்ற நிறைவு வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது பழைய எரிச்சல்தான். என்ன சொல்லிச் சிரிக்க வைக்கிறாள் என்று தடுப்புக்குப் பக்கத்தில் மேசையை நகர்த்திப் போட்டுக்கொண்டார். ஒரு சேதியின் முடிவு சரியாகக் கேட்காமல் போனபோது அதுவும் சேர்ந்து எரிந்தது.

சாயங்காலம் வெளியே வரும்போது நகரும் படிக்கட்டுப் பக்கம் புது அட்டை இருந்தது. மனைவியே எழுதியிருந்தார். வரிகள் ஏறி இறங்கின, ஓர் எழுத்து அடித்துத் திருத்தியிருந்தது. "போன வார அட்டையில் ஓர் எண் தவறு. 1822 அல்ல, 1882. மன்னிக்கவும்." அவ்வளவுதான். யார் எழுதியது என்று இல்லை. அவர் அதை இரண்டு தரம் படித்தார். தன்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது என்று நினைத்தார். அன்று பஸ்ஸில் மனைவி பையை அவர் மடியில் வைத்தார்.

கடைசி நாள் மேடம் ஒட்டிய தாளில் அவர் பேர்தான் முதலில் இருந்தது. கிடங்கு ஆர்டரும் சேர்ந்து இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். மனைவி பேருக்கு நேரே ஆயிரத்து எண்ணூற்று எழுபது. பார்த்தபோது அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் வரை நின்றது.

பிப்ரவரியில் மேடம் மனைவியைக் கூப்பிட்டு அனுப்பினார். கடையில் மைக்கில் அறிவிப்புச் செய்யும் பெண் வேலையை விட்டுப் போயிருந்தாள். இந்த முறை வருஷம் முழுக்க வேலை. கார் எண் சொல்லி நகர்த்தச் சொல்வது, பிள்ளையைத் தொலைத்தவர்களைக் கூப்பிடுவது, நடுநடுவே ஒரு சேதி. மனைவி அன்று வீட்டுக்கு வந்து, போகட்டுமா என்று கேட்டார். போ என்றார். சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி தாமதமாயிற்று. அது மனைவிக்கும் தெரிந்தது.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"இருக்கும்," என்றார். "போ."

மனைவி அப்போதுதான் பல வாரங்களுக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தார்.

இப்போது இரண்டாம் மாடியில் கோப்பை சுற்றும்போது, தலைக்கு மேலே கூரையிலிருந்து மனைவியின் குரல் நாளெல்லாம் விழுகிறது. வாங்க வந்தவர்கள் கையில் தட்டோடு அப்படியே நின்று மேலே பார்க்கிறார்கள். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. லிஃப்ட்காரர் கேட்கும்போது அதை அவர் மறைப்பதும் இல்லை. அறிவிப்பு மணி அடித்ததும் வயிற்றில் ஏதோ ஒன்று கிள்ளுகிறது, அது அடங்க, கேட்டவர்கள் சிரித்துவிட்டால், கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது என்கிறார்.

போன மாதம் ஆறு கண்ணாடி டம்ளர் வாங்கிய ஒரு பெண், அவர் செய்தித்தாளைச் சரசரவென்று விரித்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம் அண்ணே, அவங்க சொல்லி முடிக்கட்டும்."

அவர் தாளை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். சேதி முடிந்தது, அந்தப் பெண் சிரித்தாள். யார் அண்ணே அவங்க, நல்லாப் பேசுறாங்க என்று கேட்டாள்.

"என் வீட்டுக்காரி," என்றார் மடிப்பண்ணன், முதல் டம்ளரை எடுத்துச் சுற்றிக்கொண்டே. "எழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்கும்."